ஒரு ரூம் கிச்சனில் ஜிக் வார்க்க முடியுமா?

ஆன்டாப்ஹில் தூண்டில்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், பிழைப்பு மும்பையில், ஆறு வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பாந்த்ரா பாண்ட்ஸ்டாண்ட் பாறையில் ஓஹோட்டி நேரத்தில் (வற்றத்தை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) நின்று நாலு ஜிக்கைப் (முள்ளோடு வார்த்த ஈயத் தூண்டில் இரை) பறிகொடுத்தேன். நாலும் 28 கிராம். ஒன்று இருநூற்றைம்பது என்று வைத்தாலும் இரண்டு மணி நேரத்தில் ஆயிரம் ரூபாய் பாறைக்குத் தானம். கிடைத்தது உள்ளங்கை நீளத்தில் ஒரு களவாக் குஞ்சு, அதையும் திருப்பி விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஈயத்தை உருக்குகிறார்கள், அச்சில் ஊற்றுகிறார்கள், திறந்தால் ஜிக் ரெடி. பார்க்க இட்லி ஊற்றுகிற மாதிரிதான் இருக்கிறது. சரி, நாமும் செய்வோம் என்று நேற்று நாக்தேவி தெருவுக்குப் போய் முதல் கடையிலேயே "ஷீஷா ஹை க்யா" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு கண்ணாடிக் கடை இருக்கும் திசையைக் காட்டினார். மூன்றாவது கடையில்தான் ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னான், ஷீஷா என்றால் கண்ணாடி, ஈயத்துக்கு ஸீஸா என்று கேட்க வேண்டுமாம். மராத்திக்காரர் கடை என்றால் ஷிஸே. நம் வாயில் இதெல்லாம் ஒன்றுதானே.

இப்போது கேள்விகள். வீடு ஒரு ரூம் கிச்சன், மூன்றாவது மாடி, பால்கனி என்று ஒரு முழம் இடம். மூன்று வயதில் மகள் இருக்கிறாள். கேஸ் அடுப்பில், ஜன்னலைத் திறந்து வைத்து, மகள் தூங்கும்போது உருக்கினால் போதுமா? அச்சு எதில் செய்வது? பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுக்கலாம் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்கிறார், நல்லதா? வீட்டம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, உங்கள் பதில்களைக் காட்டித்தான் சம்மதம் வாங்க வேண்டும்.

---

நெரூல் கடலோடி எழுதியது:

தம்பி, என் பதிலைக் காட்டினால் உனக்குச் சம்மதம் கிடைக்காது. மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற ஒரு ரூம் கிச்சனில் ஈயம் உருக்காதே. ஜன்னல் திறந்திருந்தாலும், பிள்ளை தூங்கினாலும் வேண்டாம்.

எல்லாரும் புகையைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும், 400-க்குள் வைத்திருந்தால் ஆவி பெரிதாகக் கிளம்பாது. மேலே மஞ்சளும் ஊதாவுமாகப் படலம் ஓட ஆரம்பித்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், அடுப்பைக் குறைக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குள் நான் பயப்படுவது தூசிக்குத்தான். உருகிய ஈயத்தின் மேல் பாலாடை மாதிரி கசடு படியும், அதை வழித்துப் போடும்போது பறக்கிற பொடி, வார்த்த ஜிக்கின் பிசிறை அரம் போட்டுத் தேய்க்கும்போது விழுகிற பொடி, எல்லாம் தரையில்தான் படியும். துடைப்பத்தால் பெருக்கினால் வீடு முழுவதும் போகும். பிள்ளை அதே தரையில் உட்கார்ந்து விளையாடி அதே கையை வாயில் வைக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடம்பு ஈயத்தை அதிகம் உறிஞ்சும், மூளை வளர்கிற வயது வேறு. இதில் "கொஞ்சம் பரவாயில்லை" என்ற அளவே கிடையாது.

ஊரில் நாம் ஈயக்குண்டைப் பல்லால் கடித்துத்தானே தூண்டில் நரம்பில் இறுக்குவோம், அந்தப் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விடு.

பேட்டரி ஈயம் கூடவே கூடாது. அதில் அமிலம் ஊறியிருக்கும், அது போக ஆன்டிமனி, ஆர்செனிக், கால்சியம் என்று என்னென்னவோ கலந்திருப்பார்கள். உருக்கி எடுத்த கசடில் ஈரம் பட்டால் விஷவாயு வரும். கீழ்வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. வண்டிச் சக்கரத்தில் ஒட்டுகிற எடைக்கட்டியும் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும், ஆனால் இப்போது வருவதில் பாதி துத்தநாகம் அல்லது இரும்பு. துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும், ஈயத்தைவிட லேசு. சட்டியைச் சூடாக விடாமல் வைத்திருந்தால் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். கவனிக்காமல் விட்டு அது உருகிக் கலந்துவிட்டால் அந்தச் சட்டி ஈயம் முழுக்கக் கஞ்சி மாதிரி ஆகிவிடும், அச்சில் ஓடாது. நான் இப்போதெல்லாம் கோலிவாடா (மீனவர் குப்பம்) வலைக் கடையில் வலைக்குக் கட்டுகிற ஈயத்தைக் கிலோ கணக்கில் வாங்கிவிடுகிறேன். நகத்தால் கீறினால் கோடு விழும், அந்த அளவு மெதுவாக இருக்கும்.

அப்புறம் தண்ணீர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. நான் ஆரம்பித்த வருடம், வற்றத்தில் பாறை இடுக்குகளில் பொறுக்கிய பழைய குண்டுகள் ஒரு டப்பா நிறைய வைத்திருந்தேன். மாடியில் சட்டியில் ஈயம் உருகிக் கிடக்கிறது, இன்னும் நாலு குண்டு சேர்ப்போமே என்று ஒன்றைப் போட்டேன். வெளியே காய்ந்துதான் இருந்தது, நரம்பு போகிற துளைக்குள் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் இருந்திருக்கிறது. "டப்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் தெரியும். சட்டி பாதி காலி. மாடிச் சுவரில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி ஈயம் ஒட்டிக்கிடக்கிறது. என் இடது முழங்கைக்குக் கீழே மூன்று தழும்பு, இன்னும் இருக்கிறது. கண்ணாடி போட்டிருந்தேன், அதன் மேலும் ஒரு பொட்டு. தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும், அது ஈயத்துக்கு அடியில் நடந்தால் ஈயம் வேறு எங்கே போகும்? மும்பை வெயிலில் நெற்றியிலிருந்து விழுகிற வியர்வைச் சொட்டு ஒன்றே போதும். அதனால் தலையில் துண்டு கட்டு. உருக வேண்டிய எல்லாவற்றையும் சட்டி குளிர்ந்திருக்கும்போதே போட்டுவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவை, நடுவில் எதையும் சேர்க்காதே.

நான் எங்கே வார்க்கிறேன் என்று கேட்பாய். வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகும்போது, கொல்லையில், திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டு. எழுபது எண்பது வார்த்து, பெயின்ட் அடிக்காமலே பையில் போட்டு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் கொண்டுவந்துவிடுவேன். ஒருமுறை ஸ்டேஷனில் பையைத் திறக்கச் சொன்னார்கள். போலீஸ்காரருக்கு ஜிக்கிங் என்றால் என்ன என்று இந்தியில் விளக்கியது தனிக் கதை.

---

கொலாபா கணக்குப்பிள்ளை எழுதியது:

எனக்கு ஆசையே வேறு பக்கம், கணக்கு. ஒரு கிலோ ஈயத்தில் 28 கிராம் ஜிக் 35 வரும். ஈயச் செலவு ஒன்றுக்குப் பத்து ரூபாயைத் தாண்டாது, அதைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். ஆனால் நல்ல கம்பெனி ஜிக் முள், அதுவும் கடலுக்கு, ஒன்றுக்கு இருபத்தைந்து முப்பது ஆகிவிடுகிறது எனக்கு. பெயின்ட், எபோக்ஸி பசை, ஒட்டுகிற கண், வளையம் எல்லாம் சேர்த்தால் முதல் ஐம்பது ஜிக்கில் நினைத்த அளவு மிச்சம் இருக்காது. அதற்கப்புறம்தான் லாபம். மிச்சம் பிடிக்கலாம் என்று இறங்காதீர்கள், பிடித்திருந்தால் இறங்குங்கள்.

இன்னொன்று, நாலு ஜிக் போனது ஜிக்கின் குற்றமா? மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற வற்ற வித்தியாசம் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் வரை போகும். அந்த ஓட்டத்தில் 28 கிராம் போட்டால் இழுத்துக்கொண்டு போய்ப் பாறை இடுக்கில்தான் சொருகும், 40 போட்டால் நேராக இறங்கி அங்கேயே மாட்டும். அஷ்டமி நவமியில் போய்ப் பாருங்கள். நல்ல காரியம் தொடங்கக் கூடாத நாள் என்று வீட்டில் சொல்வார்கள், ஆனால் கடல் ஓட்டம் மந்தமாக இருப்பது அப்போதுதான், 15 கிராமே போதும். கீழே மூன்று கொக்கி முள் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு மேலே ஒற்றை அசிஸ்ட் ஹூக் (சிறு கயிற்றில் தொங்கும் முள்) போடுங்கள், பாதி ஜிக் திரும்பி வரும். இந்த இரண்டையும் செய்தாலே மாதம் ஆயிரம் மிச்சம், அடுப்பே வேண்டாம்.

---

மாட்டுங்கா மாமி எழுதியது:

மாமிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதே. என் பிள்ளை பொவாய் ஏரியில் தூண்டில் போடுகிறவன். எங்காத்தில் மீன் சமைக்கிற வழக்கமில்லை, அவனும் பிடித்து, போட்டோ எடுத்து, திரும்ப விட்டுவிடுவான். முதலை இருக்கிற ஏரியில் இது என்ன விளையாட்டு என்று நான் கத்துவேன், அது வேறு விஷயம்.

ஈயம் ஈயம் என்று எல்லோரும் காரீயத்தையே பேசுகிறீர்களே, வெள்ளீயம், அதான் டின், மறந்துபோச்சா? ரசம் வைக்கிற ஈயச் சொம்பு எதில் செய்தது? வெள்ளீயம். அதை வெறும் அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று எல்லார் ஆத்திலும் ஒரு கதை உண்டு. எங்காத்தில் நானே ஒரு தடவை போனில் பேசிக்கொண்டே ரசத்தை வற்றவிட்டு, வந்து பார்த்தால் சொம்பின் அடி அப்படியே பர்னர் மேல் வழிந்து வெள்ளியாகப் பளபளக்கிறது. மாமியார் கொடுத்த சொம்பு. என் பிள்ளை அதைச் சுரண்டி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது 232 டிகிரியிலேயே உருகிடுமே" என்றான். அன்றைக்கு அவன் மூஞ்சியில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தச் சொம்புதான் அவனுடைய முதல் ஆறு ஜிக்.

வெள்ளீயத்தில் காரீய விஷம் கிடையாது. இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் சின்ன ஈயக்குண்டுகளை விழுங்கிச் செத்துப்போகின்றன என்று 1987-லேயே 28 கிராம் வரைக்குமான ஈயக்குண்டுகளை விற்கத் தடை போட்டார்களாமே, அப்புறம்தான் அங்கே வெள்ளீயம், டங்ஸ்டன் என்று போனார்கள் என்று பிள்ளை சொல்வான். டங்ஸ்டனை வீட்டில் உருக்க முடியாது, 3,400 டிகிரிக்கு மேல் வேண்டுமாம், அந்த ஆசை வேண்டாம்.

விலைதான் ஜாஸ்தி, காரீயத்தைவிடப் பல மடங்கு. பாத்திரத்துக்குக் கலாய் பூசுகிறவர்கள் "ராங்கா" என்று வைத்திருப்பார்கள். பிள்ளை இப்போது லேமிங்டன் ரோடில் ஈயம் கலக்காத சால்டர் பார் (பற்றவைக்கிற உலோகக் கட்டி) வாங்குகிறான், 99.3 சதவிகிதம் வெள்ளீயம், மீதி செம்பு. சாதாரண 60/40 சால்டர் வாங்கிவிடாதே, அதில் நாற்பது பங்கு காரீயம். சொம்பையும் நம்பாதே. கடையில் விற்பதில் காரீயம் கலந்தது நிறைய. வெள்ளைத்தாளில் தேய்த்துப் பார், பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் இருக்கிறது. சுத்த வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் நொறுநொறுவென்று முனகும், கேட்டுப் பார், வேடிக்கையாக இருக்கும்.

விஷம் இல்லை என்பதற்காகச் சுடாது என்று இல்லை. தண்ணீர் பட்டால் இதுவும் தெறிக்கும். குழந்தையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டுச் செய்.

---

ஆன்டாப்ஹில் தூண்டில்காரன் எழுதியது:

மாமி, சொம்புக் கதையை வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். எழுந்து போய் எங்கள் சொம்பை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

கடலோடி அண்ணே, காரீயத்தை விட்டுவிட்டேன், சத்தியமாக. வெள்ளீயத்தில் செய்கிறேன், வசாயில் நண்பன் வீட்டு முற்றத்தில். ஒரு சந்தேகம். அதே அச்சில் ஊற்றினால் எடை குறையுமே, எவ்வளவு குறையும்? அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்யலாமா? இங்கே கணபதி சீசன் முடிந்து மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது.

---

நெரூல் கடலோடி எழுதியது:

நல்ல பிள்ளை. எடைக்கு ஒரே கணக்குத்தான். காரீயம் ஒரு மில்லிக்கு 11.3 கிராம், வெள்ளீயம் 7.3. காரீயத்தில் 28 வருகிற அச்சில் வெள்ளீயம் ஊற்றினால் 18 கிராம். அதனால் மாதிரி செய்யும்போதே பெரிதாகச் செய். மெழுகிலோ களிமண்ணிலோ உருவம் பிடித்து, பெரிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அதற்குள் போட்டு, தண்ணீர் எத்தனை மில்லி ஏறுகிறது என்று பார். 28 கிராம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 3.8 மில்லி ஏற வேண்டும். அளவு பெருத்தால் மெதுவாக இறங்கும், உன் பாண்ட்ஸ்டாண்ட் ஆழத்துக்கு அது நல்லதுதான்.

பிளாஸ்டர் அச்சு செய்யலாம், ஆனால் எனக்கு அதன் மேல் முழு நம்பிக்கை கிடையாது. காய்ந்த பிளாஸ்டருக்குள்ளும் தண்ணீர் கட்டுண்டு இருக்கும், சூடு பட்டுப் பட்டு இருபது முப்பது வார்ப்பில் சுண்ணாம்பாக உதிர ஆரம்பித்துவிடும். வெள்ளீயத்தின் சூடு குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் தாங்கும். கைக்குக் காய்ந்த மாதிரி இருப்பதை நம்பாதே. சமையல் தராசில் அச்சை நிறுத்து எழுதி வை. பழைய ஓவனில் (திரும்ப அதில் கேக் சுடாதே) மெல்லிய சூட்டில் வைத்து மணிக்கொரு தடவை நிறு. எடை குறைந்துகொண்டே வரும். இரண்டு தடவை தொடர்ந்து ஒரே எடை காட்டினால்தான் காய்ந்தது. இந்த ஊர்க் காற்றில் ஒரு வாரம் அலமாரியில் கிடந்தாலே மறுபடி ஈரம் இழுத்துக்கொள்ளும், அதனால் வார்க்கிற அன்று காலையிலும் ஒரு தடவை சூடாக்கு.

அச்சின் இரண்டு பாதியும் சரியாகப் பொருந்த மூலையில் இரண்டு குழி வை. ஊற்றுகிற வாய் புனல் மாதிரி அகலமாக இருக்கட்டும், காற்று வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு குண்டூசிக் கோடு. முள்ளின் கண் வெளியே நிற்கிற மாதிரி பள்ளம் எடு. கண்ணுக்குள் ஈயம் போய் அடைத்தால் நரம்பு கோக்க முடியாமல் உட்கார்ந்து குடைய வேண்டியிருக்கும். ஜிக்குக்கென்றே கழுத்து 90 டிகிரி அல்லது 60 டிகிரி வளைந்த முள் விற்கிறார்கள், அதை வாங்கு. சாதாரண முள்ளை பிளேயரால் வளைத்துப் பார்க்காதே, வெடுக்கென்று ஒடியும். மஸ்டாட் கம்பெனி முள் பெட்டியில் பாதியை நான் அப்படித்தான் கெடுத்தேன்.

ஊற்றுவதற்கு முன் அச்சின் உள்பக்கத்தில் கரி பிடிக்க வை. எங்கள் பாட்டி கண்மைக்குக் கரி பிடிப்பாள் பார், விளக்கு மேல் தட்டைக் கவிழ்த்து, அதே வேலைதான். மெழுகுவத்திச் சுடரில் காட்டினால் ஒரு நிமிடத்தில் வெல்வெட் மாதிரி கறுப்பாகும், உலோகம் வழுக்கிக்கொண்டு உள்ளே ஓடும், ஒட்டாது. முதல் மூன்று நாலு வார்ப்பு மூக்கும் முழியும் இல்லாமல் சுருங்கித்தான் வரும். அச்சு இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம், அவற்றைத் திரும்பப் போட, சட்டி குளிரும்வரை ஒதுக்கி வை. கரண்டிக்கு இரும்புத் தாளிப்புக் கரண்டி அருமையாக இருக்கும், ஒரு பக்கம் தட்டி மூக்கு எடுத்துக்கொள். அலுமினியக் கரண்டி வேண்டாம். ஒருமுறை இதற்கு எடுத்த கரண்டி திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது, பிடியில் சிவப்புத் துணி கட்டிவிடு. ஊற்றும்போது நிறுத்தி நிறுத்தி ஊற்றாதே. ஒரே மூச்சில், வாய் நிறைய. நிறுத்தினால் அங்கே ஒரு கோடு விழும், மீன் அடித்தால் அந்தக் கோட்டில்தான் உடையும்.

முழுக்கைச் சட்டை, தோல் ஷூ (செருப்பு வேண்டாம்), கண்ணாடி, தோல் கையுறை. பாலியஸ்டர் போடாதே, சொட்டு பட்டால் உருகி உடம்போடு ஒட்டும்.

பிளாஸ்டர் அலுத்துப்போனால் சாக்கிநாக்கா பக்கம் ஏதாவது லேத் பட்டறையில் அலுமினிய அச்சு வெட்டித் தரச் சொல். ஒரு தடவை செலவு. என் அச்சு என் மூத்த பையனைவிட உழைக்கிறது.

---

தாராவி இறகு எழுதியது:

அண்ணே, எல்லாரும் உருக்குவதையே பேசுறீங்க. நான் இதுவரை ஒரு கிராம் கூட உருக்கியது கிடையாது. பெயின்ட் அடிக்காத வெறும் ஜிக் ஹெட் (முள்ளோடு கூடிய உலோகத் தலை) மொத்தமாக வாங்கி, மீதி வேலையை வீட்டில் செய்கிறேன். எனக்கு அதுதான் ஜாலி, மீன் அடிப்பதும் தலையைப் பார்த்து இல்லை, பின்னால் ஆடுகிற வாலைப் பார்த்துத்தான். என் தாத்தா நாகப்பட்டினத்தில் சேவல் இறகும் மினுக்குத் தாளும் கட்டித்தான் பாரை மீன் பிடிப்பார்.

கறிக்கடையில் சொல்லி வைத்தால் வெள்ளைச் சேவலின் கழுத்து இறகு சும்மாவே தருவார்கள். ஷாம்பு போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து, பாதியை மஞ்சள் பச்சைச் சாயத்தில் முக்கி எடுங்கள். இங்கே கழிமுகத் தண்ணீர் டீ மாதிரி கலங்கல், அதில் வெள்ளையும் அந்தக் கிளிப்பச்சையும்தான் தெரிகிறது. ஆட்டு முடியும் நன்றாக இருக்கும். பக்டெயில் என்று வெளிநாட்டுக்காரர்கள் கட்டுவது அமெரிக்க வெள்ளைவால் மானின் வால் முடி. நம்மூர் மான் முடி என்று யாராவது நீட்டினால் தொடவே தொடாதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போட்டுவிடுவார்கள்.

மினுக்கத்துக்குப் புலேஷ்வரில் ஜரிகை நூல். இறகோடு நாலு இழை, அதற்கு மேல் வேண்டாம், கல்யாண வண்டி மாதிரி ஆகிவிடும். கட்டும்போது நூலை முள்ளின் கழுத்தில் இருபது சுற்று வெறுமனே சுற்றிவிட்டு, இறகைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு சுற்று இறுக்கி, கடைசியில் முடிச்சு மேல் ஒரு சொட்டு பசை. ஒரேயடியாகக் கத்தையாக வைத்தால் இரண்டாவது மீனிலேயே உருவிக்கொண்டு போகும்.

தலைக்கு முதலில் வெள்ளை நெயில் பாலிஷ், அது காய்ந்தபின் மேலே நிறம். வெள்ளை அடிக்காமல் நேராக மஞ்சள் அடித்தால் அழுக்காகத் தெரியும். பவுடர் பெயின்ட் இன்னும் உறுதி, ஆனால் 180 டிகிரியில் இருபது நிமிடம் ஓவனில் வேகவைக்க வேண்டும், நீங்கள் வெள்ளீயத்தில் வார்த்தால் அது உருகும் சூடு பக்கத்திலேயே இருக்கிறது, ஓவன் கொஞ்சம் எகிறினாலும் ஜிக் தரையில் சொட்டும். நெயில் பாலிஷே பாதுகாப்பு. கண்ணுக்கு என்ன செய்கிறேன் தெரியுமா? ஸ்டிக்கர் பொட்டு. கறுப்பு வட்டம், நடுவில் வெள்ளைக் கல் வைத்தது. அட்டை பத்து ரூபாய். அதன் மேல் இரண்டு டியூப் எபோக்ஸி பூசி, இறுகும்வரை கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் வழிந்து தொப்பை போடும்.

---

ஆன்டாப்ஹில் தூண்டில்காரன் எழுதியது:

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஒரு சால்டர் பார், ஒரு டஜன் முள், ஐந்து கிலோ பிளாஸ்டர். மாதிரியை மகளின் விளையாட்டுக் களிமண்ணில் பிடித்தேன், சிரிஞ்சில் 3.8 மில்லி வரவைக்க ஒரு மாலை முழுவதும் போயிற்று. அச்சு எடை 612 கிராமில் தொடங்கி 431-இல் நின்றது, அண்ணன் சொல்லாவிட்டால் நான் இரண்டாம் நாளே ஊற்றியிருப்பேன். முதல் ஐந்து ஜிக் சவலைப் பிள்ளை மாதிரி வந்தன. ஆறாவது அச்சைத் திறந்தபோது பளிச்சென்று முழுசாக உட்கார்ந்திருந்தது, நண்பனும் நானும் கத்திய கத்தில் அவன் அப்பா வெளியே ஓடிவந்துவிட்டார். மொத்தம் எட்டு தேறியது. இரண்டில் முள்ளின் கண் அடைந்துபோயிற்று, இன்னும் குடைந்துகொண்டிருக்கிறேன். எடை 26-லிருந்து 29 வரை இருக்கிறது, பரவாயில்லை.

வீட்டில் இறகு கட்டுகிற வேலை மட்டும். வீட்டம்மா இதில் என்னைவிட நேர்த்தி, பூக்கட்டிய கை. பொட்டு அட்டையில் எத்தனை குறைகிறது என்று கணக்கும் வைத்திருக்கிறாள்.

போன அஷ்டமியன்று பாண்ட்ஸ்டாண்ட் போனேன். ஒன்று போனது. மற்றொன்றில் இரண்டு கையளவு செப்பிலி, இவர்கள் தாம்பூஸ் என்கிறார்களே அது, பாறைக்கு அடியிலிருந்து அடித்து வந்தது. பொட்டு அப்படியே இருக்கிறது, இறகு பாதி காலி.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். எபோக்ஸி பூசி இரண்டு வாரத்தில் வெள்ளைத் தலை எல்லாம் மஞ்சளாகிவிட்டது. யாருக்காவது வழி தெரியுமா?

---

தாராவி இறகு எழுதியது:

வெயிலில் வைத்தீர்களா? ஜன்னலோரத்தில் தொங்கவிட்டிருப்பீர்கள். மெலிதாகப் பூசி நிழலில் வையுங்கள், கொஞ்சம் தாங்கும். கண்ணாடி மாதிரி வேண்டுமென்றால் யூவி ரெசின் (புற ஊதா ஒளியில் இறுகுவது), விலை கூடுதல்.

---

நெரூல் கடலோடி எழுதியது:

மஞ்சள் ஜிக்குக்கு மட்டும் அதைப் பூசு தம்பி. எவனுக்குத் தெரியப்போகிறது?